தீவுச் சீர்திருத்தப் பள்ளியில் பெரியவர்களே இல்லாமல் போனால் பையன்கள் என்ன ஆவார்கள்?

கேள்வி இதுதான்: "நடுக்கடலில் ஒரு தீவு, அதில் ஒரு சிறார் சீர்திருத்தப் பள்ளி. ஏதோ காரணத்தால் வார்டன், காவலர், வாத்தியார் என்று பெரியவர்கள் அத்தனை பேரும் இல்லாமல் போகிறார்கள். பையன்கள் மட்டும் மிச்சம். நிஜத்தில் அப்படி நடந்தால் பிழைப்பார்களா, அடித்துக்கொண்டு சாவார்களா? கதைகளைத் தாண்டி இதற்கு ஏதாவது வரலாறு உண்டா?"

உண்டு, ஆனால் இரண்டு துண்டாக. தீவுச் சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் பெரியவர்களின் பிடி ஓர் இரவு முழுக்க விட்டுப்போனது 1866-இல், பிரான்சில். பெரியவர் ஒருவர்கூட இல்லாத தீவில் பையன்கள் 15 மாதம் வாழ்ந்தது 1965-66-இல், பசிபிக் தீவு நாடான டோங்காவில். முதலாவது பிணக்குவியலில் முடிந்தது. இரண்டாவதில், மலையிலிருந்து விழுந்து கால் உடைந்தவன் உட்பட எல்லோரும் திடகாத்திரமாக ஊர் திரும்பினார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் வரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "பெரியவர்கள் இல்லாத பையன்கள்" என்று யாரும் கிடையாது. பெரியவர்கள் கிளம்பிப் போனாலும், அவர்கள் பழக்கிவிட்டுப் போனது அங்கேயேதான் இருக்கும்.

முதலில் வயிற்றுப்பாடு. இதைத்தான் எல்லோரும் பெரிய பிரச்சினையாக நினைக்கிறார்கள். பழைய தீவுப் பள்ளிகளைப் பொறுத்தவரை இது பாதிப் பிரச்சினைகூட இல்லை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இவற்றுக்கு வேளாண் குடியேற்றம் என்றே பெயர். காடு வெட்டியது, கல் உடைத்துச் சாலை போட்டது, மாடு மேய்த்தது, வயலில் இறங்கியது எல்லாம் பையன்கள். வேலை தெரிந்தவர்கள் அவர்கள்தான். பெரியவர்கள் கையில் இருந்தது சாவிக்கொத்து. நல்ல பருவத்தில், மாடும் வயலும் கிணறும் உள்ள ஒரு தீவில், 12 வயதுக்கு மேற்பட்ட பையன்கள் சில மாதம் தள்ளுவது பெரிய விஷயமே இல்லை. நார்வே மாதிரி இடமென்றால் குளிர்காலம் வேறு கதை; விறகு அடுக்கத் தெரிந்த ஒருத்தன் இல்லாவிட்டால் ஜனவரியைத் தாண்ட மாட்டார்கள். சாவுக்கு இன்னொரு காரணம் கடல். இத்தகைய தீவுகள் சிலவற்றில் மதிலே கட்டாமல் விட்டதற்குக் காரணம், கடல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான்.

ஆகவே சோறு, தண்ணீர் கிடைத்துவிடும். ஆபத்து இருப்பது சேமிப்புக் கிடங்கில். ஏன் என்பதற்கு லெவாந்த் தீவுக்குப் போவோம்.

தெற்கு பிரான்சின் கரையோரத்தில், துலோன் துறைமுகத்துக்குக் கிழக்கே இருக்கிறது அது. இன்று தீவின் பெரும்பகுதி பிரெஞ்சு ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளம். மிச்சத்தில் ஆடை இல்லாமல் உலவ விரும்புவோருக்கான ஒரு கிராமம். விசித்திரமான பங்கீடுதான். 1861-இல் அங்கே பூர்த்தாலஸ் என்ற பிரபு, தீவுக்குச் சொந்தக்காரர், சாந்த்-ஆன் என்ற பெயரில் சிறார் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினார். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்திருந்தது: தனியார் நிலம் வைத்திருந்தால் அரசு பையன்களை அனுப்பும், தலைக்கு இவ்வளவு என்று நாள்கணக்கில் பணமும் தரும். பிரபுவுக்குத் தரிசு நிலம் திருந்தியது, கூலியும் மிச்சமானது.

வந்த பையன்கள் யார்? இது பலருக்குத் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி குற்றவாளிகளே அல்ல. அன்றைய பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, விவரம் தெரியாமல் தப்புச் செய்த சிறுவனை விடுதலை செய்யச் சொன்னது. விடுதலை செய்துவிட்டு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கருதினால், 20 வயது வரை இப்படியொரு இடத்துக்கு அனுப்பவும் அதே பிரிவு அனுமதித்தது. வயதில் பெரியவன் செய்தால் சில மாதச் சிறையோடு போகும் சில்லறைத் திருட்டுக்கு, "நீ நிரபராதி" என்று சொல்லி எட்டு, பத்து வருடம். அந்தத் தீவில் அந்தக் குடியேற்றம் நடந்த காலம் முழுக்க ஏறக்குறைய 100 பையன்கள் செத்துப்போனார்கள். நோய், சத்தில்லாத சாப்பாடு, வேலைப்பளு. கலவரத்தில் செத்தவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான்.

1866-இல் கோர்சிகாவின் அஜாக்சியோ அருகே இருந்த இன்னொரு குடியேற்றத்திலிருந்து அறுபது சொச்சம் பையன்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வயதில் மூத்தவர்கள், முரடர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஒரு கூட்டம், ஒரு வரிசை, யார் பெரியவன் யார் சின்னவன் என்ற கணக்கு இருந்தது. இப்போது இரண்டு கூட்டம். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது புரியும்: வேறு விடுதியை மூடி, அந்தப் பையன்களை நடு வருடத்தில் கொண்டுவந்து சேர்த்தால் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று.

அக்டோபர் தொடக்கத்தில் ஓர் இரவு வெடித்தது. காவலர் எண்ணிக்கை சொற்பம், கைமீறிப் போனது. பையன்கள் நேராகப் போனது படகுக்கு அல்ல, உணவுக் கிடங்குக்கு. கதவை உடைத்தார்கள். உள்ளே சாப்பாடு, ஒயின், சாராயம். வருடக்கணக்கில் அரை வயிறாகக் கிடந்தவர்கள் முன்னால் திடீரென்று எல்லாம் திறந்து கிடந்தது. போதை ஏறிய பிறகு அடுத்த கட்டம். அதிகாரிகளிடம் போட்டுக்கொடுப்பவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த பையன்களை உள்ளே மாட்டவைத்துத் தீ வைத்தார்கள். வெளியே வர முடியாமல் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் எரிந்து செத்தார்கள். கரையிலிருந்து படை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் திராகினியான் நகர நீதிமன்றத்தில் விசாரணை நடந்து, தலைமை தாங்கியவர்கள் சிலருக்கு ஆயுள் முழுக்கக் கடும் உழைப்புத் தண்டனை. குடியேற்றமோ 1878 வரை தொடர்ந்தது.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, பையன்களை அவிழ்த்துவிட்டால் மிருகம்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது வேறு. அன்று இரவு யார் செத்தார்கள்? போட்டுக்கொடுத்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். போட்டுக்கொடுப்பவன் என்ற பதவியை உண்டாக்கியது யார்? அந்த நிர்வாகம். நூற்றுக்கணக்கான பையன்களை ஒரு கைப்பிடிக் காவலர்களை வைத்து மேய்க்க வேண்டுமானால் பையன்களில் சிலரைத் தன் பக்கம் இழுத்தே ஆகவேண்டும். கொஞ்சம் கூடுதல் ரொட்டி, கொஞ்சம் லேசான வேலை, பதிலுக்குச் செய்தி. பெரியவர்கள் விலகிய அன்று, அவர்கள் கட்டிவைத்திருந்த அந்த ஏற்பாட்டின் பழைய பாக்கி வசூலானது.

இந்த ஏற்பாடு லெவாந்துக்கு மட்டும் சொந்தமில்லை. 1840-இல் தூர் நகரம் அருகே தொடங்கிய மெத்ரே என்ற புகழ்பெற்ற குடியேற்றம் இதையே நாகரிகமாகச் செய்தது: 40 பையன்களைச் சேர்த்து "குடும்பம்" என்று பெயர், அதில் பையன்களே தேர்ந்தெடுத்த "அண்ணன்" இரண்டு பேர். ஐரோப்பா முழுக்க வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அண்ணன் நல்லவனாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ராத்திரி விளக்கணைத்த பிறகு தூங்கும் கூடத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். உண்மையைச் சொன்னால், பெரியவர்கள் இருந்த காலத்திலேயே ராத்திரியில் இந்த இடங்களில் அவர்கள் பிடி தளர்ந்துதான் இருந்திருக்கும். ஆகவே உங்கள் கேள்வியில் வருகிற நிலைமையின் சாயல் அங்கே அடிக்கடி வந்து போயிருக்கும்.

இப்போது டோங்கா. இது சீர்திருத்தப் பள்ளி இல்லை, ஆனால் பையன்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்: தலைநகர் நுக்குவாலோபாவில் கட்டுப்பாடான ஓர் ஆங்கிலிக்கன் உறைவிடப் பள்ளி. 1965 ஜூனில் பதின்ம வயதுப் பையன்கள் ஆறு பேர், பள்ளி அலுத்துப்போய், ஃபிஜிக்கு ஓடிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். தங்களுக்குப் பிடிக்காத ஒரு மீனவரின் படகைத் திருடினார்கள். கையில் இரண்டு மூட்டை வாழைப்பழம், சில தேங்காய், ஒரு சின்ன அடுப்பு. வரைபடம் இல்லை, திசைகாட்டி இல்லை. முதல் ராத்திரியே புயல் பாயைக் கிழித்துச் சுக்கானை முறித்தது. எட்டு நாள் மிதந்தார்கள். மழைத் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்து, காலையில் ஆளுக்கு ஒரு மடக்கு, மாலையில் ஒரு மடக்கு.

அந்த மடக்குத் தண்ணீரைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தீவில் கால் வைப்பதற்கு முன்பே, தாகத்தில் செத்துக்கொண்டிருந்தபோதே, பங்கு என்ற ஒன்று நடைமுறையில் இருந்தது. யாரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை.

எட்டாம் நாள் கண்ணில் பட்டது அட்டா. டோங்காவின் தென்கோடியில் கிடக்கும் செங்குத்தான எரிமலைத் தீவு. உச்சி 355 மீட்டர். முதலில் பச்சை மீன், பறவை, பறவை முட்டை என்று எது கிடைத்ததோ அது. தீ மூட்டப் பழகுவதற்கே மாதங்கள் ஆயின. மூட்டிய பிறகு அதை அணையவே விடவில்லை. பிறகு மேலே ஏறி எரிமலை வாயின் சமதளத்தை அடைந்தபோது அங்கே சேப்பங்கிழங்கு, வாழை, காட்டில் திரியும் கோழிகள். ஆளில்லாத தீவில் சேம்பும் கோழியும் எப்படி வந்தன? 1863 வரை அங்கே ஒரு கிராமம் இருந்தது. அந்த ஆண்டு அடிமை வியாபாரக் கப்பல் ஒன்று வந்து, வியாபாரம் என்று ஏமாற்றி ஏறத்தாழ 140 பேரைக் கடத்திக்கொண்டு போனது. மிச்சமிருந்தவர்களை டோங்கா அரசர் ஏவுவா என்ற வேறொரு தீவுக்குக் குடிமாற்றினார். நூறு வருடம் கழித்து இந்த ஆறு பேரைப் பிழைக்கவைத்தது அந்த ஊர்க்காரர்கள் நட்டுவைத்துவிட்டுப் போன தோட்டம்.

அங்கே அவர்கள் வாழ்ந்த விதத்தைப் பின்னால் மீட்டவர் விவரித்திருக்கிறார். இரண்டு இரண்டு பேராக முறை வைத்து வேலை: தோட்டம், சமையல், காவல். மரத்தண்டைக் குடைந்து மழைநீர்த் தொட்டி. கோழிக்குக் கூண்டு, உடற்பயிற்சிக்கு ஓர் இடம், பாட்மிண்டன் விளையாட ஒரு களம். ஒருவன் மிதந்து வந்த கட்டையையும் பாதித் தேங்காய்ச் சிரட்டையையும், உடைந்த படகிலிருந்து எடுத்த ஆறு கம்பிகளையும் வைத்து கிடார் செய்தான். காலையும் மாலையும் பாட்டும் ஜெபமும். சண்டை வந்ததா? வந்தது. வந்தால் இரண்டு பேரும் தீவின் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட வேண்டும், கோபம் ஆறிய பிறகு திரும்பி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, குச்சியும் இலையும் வைத்துக் கட்டினார்கள்; அவன் பங்கு வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கால் நேராகச் சேர்ந்ததைப் பார்த்து, பின்னால் பரிசோதித்த மருத்துவர் அசந்துபோனார். இடையில் தெப்பம் கட்டித் தப்பிக்கவும் பார்த்தார்கள். அலை அதை உடைத்துப்போட்டது.

1966 செப்டம்பர் 11 அன்று ஆஸ்திரேலியரான பீட்டர் வார்னர் தன் மீன்பிடிப் படகில் அந்தப் பக்கம் வந்தார். மலைச்சரிவில் எரிந்த திட்டுகள் தெரிந்ததால் சந்தேகப்பட்டு நெருங்கினார். உடம்பில் துணியில்லாத, முடி வளர்ந்த பையன் ஒருவன் கடலில் குதித்து நீந்தி வந்தான். வார்னர் ரேடியோவில் தலைநகரைக் கூப்பிட்டு விசாரித்தார். அங்கே இவர்களுக்கு எப்போதோ காரியமே முடித்திருந்தார்கள். கரை சேர்ந்ததும் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது, படகு திருடிய குற்றத்துக்காக. வார்னர் இந்தக் கதையின் தொலைக்காட்சி உரிமையை விற்று, படகுக்காரருக்குப் பணம் கொடுத்து அவர்களை வெளியே எடுத்தார்.

ஏன் இவர்கள் அடித்துக்கொள்ளவில்லை? டோங்கர்களிடம் கேட்டால் இதில் என்ன அதிசயம் என்பார்கள். சின்னத் தீவுகளில், கூட்டுக் குடும்பத்தில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, கிழங்கு நட்டு, மீன் பிடித்து, ஞாயிறு தவறாமல் கோயிலில் சேர்ந்து பாடி வளர்ந்த பையன்கள். மனித குலமே இயல்பில் நல்லது என்பதற்கு இந்தக் கதையை மேற்கத்தியர் சான்றாகக் காட்டும்போது, டோங்கப் படிப்பாளிகள் எரிச்சலோடு சொன்னது இதுதான்: பொதுவான மனித இயல்பு என்று சொல்லி எங்கள் வளர்ப்பை அழித்துவிடாதீர்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். அந்த ஆறு பேர் அட்டாவுக்கு வெறுங்கையோடு வரவில்லை. பாட்டி, பாதிரியார், பள்ளியின் மணியடிக்கும் ஒழுங்கு எல்லாவற்றையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள்.

வளர்ப்பு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆறு பேர் என்பது ஆறு பேர். சண்டை வந்தால் விலக்கிவிடப்போகும் மூன்றாமவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் நண்பர்கள், ஒன்றாக ஓடிவந்தவர்கள். லெவாந்தில் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில், ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்காதவர்கள். இன்னொன்று, அட்டாவில் உடைப்பதற்குக் கிடங்கு இல்லை. இருந்த சாப்பாடெல்லாம் நாளை உழைத்தால் வரும் சாப்பாடு. பதுக்கி வைத்து ஆள முடியாது. பூட்டிய கிடங்கு இருக்கும் இடத்தில் முதல் கேள்வி சாவி யாரிடம் என்பது. அதற்குப் பதில் சொல்பவன்தான் அடுத்த வார்டன்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். லெவாந்துக் கதை நமக்குக் கிடைப்பது முக்கியமாக நீதிமன்றத்தின் வழியாக, பையன்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றபோது. அட்டாக் கதையை உலகுக்குச் சொன்னது மீட்ட கேப்டன், பிறகு பெரியவர்களாகிவிட்ட அந்தப் பையன்கள். ஒன்று கொஞ்சம் கறுப்பாகவும் ஒன்று கொஞ்சம் வெளுப்பாகவும் தெரிவதில் சொன்னவர் பங்கும் இருக்கும். ஆனால் எரிந்த உடல்களும், நேராகச் சேர்ந்த காலும் யார் சொன்னாலும் அதேதான்.

கடைசியாக, கேள்வியில் விடுபட்ட ஒன்று: பெரியவர்கள் திரும்பி வருவார்கள். தீவுப் பள்ளி வரலாற்றில் பையன்களுக்கு மிக மோசமான நேரம் பெரும்பாலும் அதுதான். நார்வேயின் ஆஸ்லோ கடல்நுழைவில் உள்ள பாஸ்டோய் தீவுப் பள்ளியில் 1915 மே மாதம் முப்பது, நாற்பது பையன்கள் கிளர்ந்தெழுந்தார்கள். டெலிபோன் கம்பியை அறுத்தார்கள், மாட்டுக்கொட்டகையைக் கொளுத்தினார்கள். தீவு சில மணி நேரம் அவர்களுடையது. அடக்க வந்தது நூற்றுக்கும் மேற்பட்ட ராணுவ வீரர்கள், கடற்படைக் கப்பல்கள், போதாததற்கு விமானம். கையில் ஆயுதமென்று சொல்லிக்கொள்ள விவசாயக் கருவிகள் மட்டும் வைத்திருந்த பையன்களுக்கு எதிராக.

பிரான்சின் மேற்குக் கரைக்கு அப்பால் பெல்-ஈல் என்ற தீவில் நடந்தது இன்னும் கேவலம். 1934 ஆகஸ்டில் ஓர் இரவுச் சாப்பாட்டில் ஒரு பையன் சூப் குடிப்பதற்கு முன்னால் பாலாடைக்கட்டியைக் கடித்துவிட்டான். வரிசை மாறிச் சாப்பிட்டதற்காகக் காவலர்கள் அவனைப் போட்டு அடித்தார்கள். கூடம் முழுக்க எழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மதிலேறி ஓடினார்கள். ஓடி எங்கே போவது? சுற்றிலும் கடல். பிடித்துக் கொடுத்தால் தலைக்கு 20 பிராங்க் என்று அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் தேடக் கிளம்பினார்கள். விடுமுறைக்கு வந்திருந்த சுற்றுலாப் பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். கடற்கரைப் பாறை இடுக்குகளில் ஒளிந்திருந்த பையன்களைக் குடும்பத்தோடு போய்த் தேடிப் பிடித்தார்கள். பாரிஸ் பத்திரிகைகள் கொதித்தன, பிரெஞ்சுக் கவிஞர் ழாக் பிரெவேர் அந்த வேட்டையைப் பற்றிக் கவிதை எழுதினார், சிறார் சிறைகளுக்கு எதிராகப் பெரிய பிரச்சாரமே நடந்தது. பெல்-ஈல் இல்லம் கடைசியாக மூடப்பட்டது 1977-இல்.